காப்பு கையிலேயே இருக்கட்டும், அம்மா

உப்புவெளியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மகன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்து முடித்துவிட்டு, இணையப் பாதுகாப்புத் துறைக்குத்தான் போவேன் என்று நிற்கிறார். ஒரு தனியார் நிறுவனம், ஆறு மாதத்தில் சான்றிதழ், கையோடு வேலை என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கிறது. காப்பை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்க வேண்டாம். மகனின் விருப்பம் நல்ல விருப்பம். ஆனால் வேலைக்கு உத்தரவாதம் தரும் சான்றிதழ் இந்தத் துறையில் இல்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஆரம்ப நிலையில் பெயர்பெற்ற பரீட்சைகள் இரண்டு. ஒன்று கொம்ப்டியா அமைப்பின் செக்யூரிட்டி பிளஸ். மற்றது ஐ.எஸ்.சி.2 அமைப்பின் சி.சி., அதாவது சேர்ட்டிஃபைட் இன் சைபர்செக்யூரிட்டி. இது இன்னும் எளிய படி. இரண்டுக்கும் எந்த நிறுவனத்திலும் சேர்ந்து படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பாடத்திட்டத்தை அந்த அமைப்புகளே தங்கள் இணையத்தளத்தில் இலவசமாகத் தருகின்றன. செக்யூரிட்டி பிளஸுக்கான முழு விரிவுரைகளும் யூடியூபில் காசில்லாமல் கிடைக்கின்றன. புரொபசர் மெசர் என்பவரின் வரிசையை நான் மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம். காசு தேவைப்படுவது பரீட்சைக் கட்டணத்துக்குத்தான். அமெரிக்காவில் செக்யூரிட்டி பிளஸ் 400 டொலருக்கு மேல். நாட்டுக்கு நாடு விலை மாறும். தவறினால் மறுபடி முழுக் கட்டணம். சி.சி. சித்தியடைந்தவர்கள் சான்றிதழைத் தக்கவைக்க வருடந்தோறும் 50 டொலர் கட்ட வேண்டும்; இதை விளம்பரங்களில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி எழுதுவது தம்பிக்கு.

தம்பி, முதல் மூன்று மாதம் பாதுகாப்பு என்ற சொல்லையே மறந்துவிட்டு வலையமைப்பைப் படியுங்கள். ஐபி முகவரி (வலையமைப்பில் ஒரு கணினியின் அடையாள எண்), டிஎன்எஸ் (இணையத்தளப் பெயரை அந்த எண்ணாக மாற்றும் முறை), போர்ட் இலக்கங்கள் (தரவு கணினியில் எந்தச் சேவைக்குப் போகிறது என்று காட்டும் எண்கள்), ரவுட்டர் எப்படி வழிகாட்டுகிறது என்பவை. இது தெரியாமல் தாக்குதல் வகைகளை மனப்பாடம் செய்தவர்கள் பரீட்சையில் தடுமாறுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் நோகிறது. வீட்டு மடிக்கணினியில் வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதற்குள் லினக்ஸ் இயங்குதளத்தில் இரண்டு மெய்நிகர் இயந்திரங்களை ஓடவிடுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் பழைய முறையான டெல்நெட் வழியாக, அதாவது போர்ட் 23 இல், நுழையுங்கள். அந்த நேரத்தில், வலையமைப்பில் போகும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் திறந்திருக்கட்டும். நீங்கள் தட்டிய கடவுச்சொல் எழுத்தெழுத்தாகத் திரையில் தெரியும். பிறகு அதே வேலையை, தரவை மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச் வழியாக, போர்ட் 22 இல், செய்யுங்கள். இம்முறை ஒன்றும் வாசிக்க முடியாது. மறைகுறியாக்கம் எதற்கு என்று பிறகு யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சோதனைகளை உங்கள் இயந்திரங்களில் மட்டும் செய்யுங்கள். பக்கத்து வீட்டு வைஃபை, படித்த பாடசாலையின் இணையத்தளம் எதிலும் கை வைக்காதீர்கள். இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியின்றி நுழைவதே குற்றம். சேதம் எதுவும் செய்யவில்லை என்பது தப்பிக்கும் வழி ஆகாது.

செக்யூரிட்டி பிளஸ் 90 நிமிடப் பரீட்சை. அதிகபட்சம் 90 கேள்விகள். 100 முதல் 900 வரையான அளவுகோலில் 750 எடுத்தால் சித்தி. 2023 நவம்பரில் 701 பதிப்பு வந்தது. 601 பதிப்பு 2024 ஜூலையோடு முடிந்துவிட்டது. பழைய 601 புத்தகத்தை மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்கிவிடாதீர்கள். 701 இல் அதிகப் புள்ளி பாதுகாப்புச் செயற்பாடுகள் பகுதிக்கு, 28 வீதம்.

கேள்விகளின் தன்மையைச் சொல்கிறேன். நிலாவெளியில் ஒரு ஹோட்டல் வரவேற்பறைக் கணினி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்திவிட்டார், கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. முதலில் என்ன செய்வீர்கள்? காப்புப்பிரதியிலிருந்து மீட்பதா, தீநிரலை அழிப்பதா, கணினியை வலையமைப்பிலிருந்து துண்டிப்பதா, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதா? நான்கும் செய்ய வேண்டியவைதான். கேட்பது முதலாவதை. பரவாமல் தடுப்பது, பிறகு அழிப்பது, பிறகு மீட்பது, கடைசியில் பாடம் கற்பது என்ற ஒழுங்கு மனதில் இருந்தால் துண்டிப்பதில்தான் கை போகும். தமிழ் மொழிமூலம் படித்த நம் பிள்ளைகள் பலர் இங்கேதான் புள்ளியை இழக்கிறார்கள். விடயம் தெரியும், ஆங்கிலக் கேள்வியின் கடைசி வரியை அவசரமாக வாசித்துவிடுகிறார்கள். அதனால் தினமும் பத்துக் கேள்வி போதும். ஒவ்வொன்றுக்கும், மற்ற மூன்று விடைகள் ஏன் பொருந்தாது என்று தமிழிலேயே எழுதிப் பாருங்கள்.

உண்மையான வினாத்தாள் என்று வாட்ஸ்அப்பில் விற்கிறார்களே, அதைத் தொடவே தொடாதீர்கள். விதிமீறல் என்று தெரிந்தால் சான்றிதழை ரத்துச் செய்யும் உரிமை அந்த அமைப்புகளுக்கு உண்டு. அப்படியே தப்பினாலும் நேர்முகத்தில் என்ன செய்வீர்கள்? ஒரே முகவரியிலிருந்து நூறு பயனர்பெயர்களுக்கு ஒரே கடவுச்சொல் முயலப்பட்ட பதிவை முன்னால் வைத்து, இது என்ன தாக்குதல் என்று கேட்பார்கள்.

பதிவு செய்யும்போது பெயரில் கவனம். தந்தை பெயரை முதலெழுத்தாக எழுதும் நம் வழக்கம் இங்கே வம்பாகிவிடும். கடவுச்சீட்டில் உள்ள ஆங்கிலப் பெயர் எப்படியோ, கணக்கிலும் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்க வேண்டும். செக்யூரிட்டி பிளஸை வீட்டிலிருந்தும் எழுதலாம். ஆனால் அறையில் தனியாக இருக்க வேண்டும், மேசை வெறுமையாக இருக்க வேண்டும், யாராவது உள்ளே வந்தால் பரீட்சை நின்றுவிடலாம். மின்சாரமும் இணையமும் நடுவில் போகும் வீடு என்றால், இரவு ரயிலில் கொழும்பு போய்ப் பரீட்சை நிலையத்தில் எழுதுவதே நிம்மதி.

அம்மா, வேலை பற்றியும் ஒரு விடயம். சான்றிதழோடு முதலில் கிடைப்பது பெரும்பாலும் கணினி உதவிப் பிரிவு வேலை, அல்லது இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் கண்காணிப்பு மையத்தில் இரவு முறைப் பணி. அதுவும் அநேகமாகக் கொழும்பில். அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலோ வேறெங்கோ கணினி சார்ந்த பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தால், சான்றிதழுக்காக அதைக் கைவிட விடாதீர்கள். பட்டம் கேட்கும் பதவிகளுக்கு இந்தச் சான்றிதழ் ஈடாகாது. வளாகத்தில் படித்துக்கொண்டே இரண்டாம் வருட விடுமுறையில் செக்யூரிட்டி பிளஸ் எழுதலாம். இடம் கிடைக்காவிட்டால், மகன் அந்த மூன்று மாத வலையமைப்புப் பாடத்தை முடித்த பிறகு இருவருமாக வாருங்கள். பரீட்சைத் திகதியை அப்போது குறிப்போம்.