இரவில் பாய்மரப் படகு ஓட்ட எந்த ஹெட்லேம்ப் வாங்குவது?

கேள்வி: முதல்முறையாக இரவில் பாய்மரப் படகில் போகப் போகிறேன். இருட்டுக்குப் பழகிய பார்வை கெடாமல் இருக்க, சிவப்பு விளக்கு உள்ள ஹெட்லேம்ப் வாங்கினால் போதுமா?

சிவப்பு விளக்கு இருந்தால் மட்டும் போதாது. கடையில் கையில் எடுத்ததும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எடுத்த எடுப்பில் எரிவது சிவப்பா, வெள்ளையா? பல மாடல்களில் முதலில் முழு வெள்ளை, அடுத்து மங்கல் வெள்ளை, அதன் பிறகுதான் சிவப்பு. வெள்ளையைத் தாண்டித்தான் சிவப்புக்குப் போக முடியும் என்றால் அந்த விளக்கு மலையேறப் போகிறவர்களுக்கு இருக்கட்டும், உங்களுக்கு வேண்டாம். அணைக்கும்போதும் இதே சோதனையைச் செய்யுங்கள். சிவப்பை அணைக்கும் வழியில் வெள்ளை ஒரு முறை பளிச்சிட்டாலும் காரியம் கெட்டது. சிவப்புக்கெனத் தனிப் பொத்தான் இருப்பதைத் தேடி வாங்குங்கள்.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. இருட்டில் நமக்காகப் பார்ப்பவை விழித்திரையின் குச்சி செல்கள். அவற்றிலுள்ள ரொடாப்சின் என்ற நிறமி, வலுவான வெளிச்சம் பட்டால் நொடியில் சிதைந்துவிடும். கண் பழைய கூர்மைக்குத் திரும்ப 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும்.

அந்த அரை மணி நேரம் கடலில் என்ன செய்யும் என்பதைச் சொல்கிறேன். கோடையில் இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்துக்கு, இரவோடு இரவாக ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் படகுகளில் போகிறவன் நான். நீடில்ஸ் கலங்கரை விளக்கத்தைத் தாண்டினால் சுமார் 60 கடல் மைல். 5 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 5 கடல் மைல் போனால், 12 மணி நேரம். நடுவழியில் சரக்குக் கப்பல்கள் கிழக்கும் மேற்குமாக வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி, 50 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் பக்க விளக்குகள் குறைந்தது 3 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. கப்பல் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதைச் சொல்லும் விளக்குகள் இவை. 20 நாட் வேகத்தில் வரும் கப்பல் அந்த 3 மைலை 9 நிமிடத்தில் கடந்துவிடும். உங்கள் கண் முழுதாகத் தேறுவதற்குள் அது உங்கள் பக்கத்தில் வந்து நிற்கும். 12 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கோ பக்க விளக்கு 1 மைல் தெரிந்தால் போதும். கரையை நெருங்கும்போது வரும், நண்டு பிடிக்கும் கூடுகளை அடையாளம் காட்டும் மிதவைகளில் விளக்கே இருக்காது.

நிறத்தைவிட முக்கியமானது மங்கல். குச்சி செல்கள் 500 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சை ஒளிக்குத்தான் மிகவும் கூர்மையாக விழித்துக்கொள்ளும். 620 நானோமீட்டருக்கு மேற்பட்ட சிவப்பை அவை அதிகம் பொருட்படுத்துவதில்லை. அதனால்தான் சிவப்பு நல்லது. ஆனால் கண்ணைக் கூச வைக்கும் சிவப்பும் பார்வையைக் கெடுக்கும். சிவப்பிலேயே ஒளியைக் குறைக்க முடிகிற மாடல்தான் எனக்குப் பிடித்தது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் 400 லூமன் (ஒளியின் அளவு) கணக்கு வெள்ளை விளக்குக்கானது. அதைப் பார்த்து மயங்காதீர்கள். கயிற்று முடிச்சைப் பார்க்கவும் வரைபடம் படிக்கவும் ஓரிரு லூமனே தாராளம்.

காகித வரைபடம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பிரிட்டிஷ் கடற்படங்களில் கலங்கரை விளக்கக் குறிகள், கப்பல் போக்குவரத்துப் பிரிப்புப் பாதைகள் எல்லாம் மெஜந்தா மையில் அச்சாகியிருக்கும். சிவப்பு ஒளியில் அந்த மை காகிதத்தோடு கரைந்து கண்ணுக்கே தெரியாமல் போகும். இதற்காகவே மிக மங்கலான வெள்ளையும் தரும் மாடலாகப் பாருங்கள்.

சரியான விளக்கை வாங்கிய பிறகும் மாட்டும் விதம் முக்கியம். நெற்றியில் மாட்டியிருப்பவர் யாராவது கூப்பிட்டால் திரும்புவார். விளக்கும் அவரோடு திரும்பிச் சுக்கான் பிடித்திருப்பவரின் முகத்தில் நேராக அடிக்கும். பாய்மரத்தின் அடியில் வேலை செய்யும்போது மட்டும் நெற்றி. மற்ற நேரம் கழுத்தில் தொங்கவிட்டு ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பி வைப்பதே எங்கள் படகில் பழக்கம். சார்ட்பிளாட்டர் (கடற்படம் காட்டும் மின்னணுக் கருவி) திரையை இரவு நிறத்துக்கு மாற்றாமல், கைப்பேசியையும் முழு ஒளியில் வைத்துக்கொண்டு ஹெட்லேம்புக்குக் காசு செலவழிப்பது வீண்.

நீர்க்காப்பில் ஐபிஎக்ஸ்7க்குக் குறைந்து வாங்காதீர்கள். 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் தரம் அது. ஐபிஎக்ஸ்4 வெறும் தெறிப்புக்குத்தான். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள்; உப்பு அந்த வழியாகத்தான் உள்ளே போய் அரிக்கும். காந்தத்தில் ஒட்டிச் சார்ஜ் ஆகும் மாடலை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதை மாட்டிக்கொண்டு திசைகாட்டி மேல் குனிந்தால் முள் விலகும்.

வலுவான வெள்ளை டார்ச் ஒன்றும் படகில் வேண்டும், ஆனால் தனியாக. பெரிய கப்பல் நெருங்கி வந்தால் பாயின் மேல் அடித்துக் காட்டி நம் இருப்பைத் தெரிவிக்க அது உதவும். அடிப்பதற்கு முன் எல்லோருக்கும் கேட்கும்படி குரல் கொடுங்கள். ஒரு கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள். இரண்டு கண்களும் இருட்டுக்குத் தனித்தனியாகப் பழகுபவை என்பதால், மூடிய கண்ணின் பார்வையாவது மிஞ்சும்.