என்ஜின் வேலைக்கு எந்த விளக்கு வாங்கலாம்? – ஈரோட்டுப் பட்டறைக்காரரின் பதில்கள்

ஈரோட்டில் பெருந்துறை சாலையில் முப்பது ஆண்டுகளாகக் கார் பட்டறை நடத்தி வருகிறேன். பானெட்டுக்குள் வேலை பார்க்க எந்த விளக்கு ஏற்றது என்று நம் பக்கத்து நண்பர்கள் பலர் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

திருப்பூர், பனியன் கம்பெனி ஊழியர்: ஞாயிற்றுக்கிழமைகளில் என் காரை நானே பார்த்துக்கொள்கிறேன். கையடக்கமான ஒரு விளக்கின் அட்டையில் 10,000 லூமன் என்று போட்டிருக்கிறது; விலையும் மலிவு. வாங்கலாமா?

வேண்டாங்க. லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. பழைய 100 வாட் குண்டு பல்பே ஏறத்தாழ 1,300 லூமன்தான் தந்தது. நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று வைத்துக்கொண்டால், 10,000 லூமனுக்கு 100 வாட் மின்சாரம் வேண்டும். இத்தகைய விளக்குகளில் வழக்கமாக இருக்கும் 18650 வகை பேட்டரி ஒன்றில் 10 முதல் 12 வாட்-மணி அளவு மின்சாரமே அடங்கும். ஆகவே அட்டையில் உள்ளது உண்மையானால், விளக்கு ஏழு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடவும் செய்யும்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க 300 முதல் 500 லூமன் போதும். என்ஜின் முழுவதற்கும் வெளிச்சம் வேண்டுமென்றால் 1,000 தாராளம். சிறிய விளக்கை இருந்த தூரத்தில் பாதிக்குக் கொண்டு வந்தால், பொருளின் மேல் விழும் வெளிச்சம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அளவுக்கு மீறிய வெளிச்சம் கெடுதலும் செய்யும். பளபளக்கும் அலுமினிய மூடியில் பட்டுத் திரும்பும் ஒளியால் கண் கூசிப் பாவை சுருங்கிவிடுவதால், ஆல்டர்னேட்டருக்கு (என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) பின்னால் இருக்கும் போல்ட் முன்பைவிட இருட்டாகத் தெரியும்.

கோபிசெட்டிபாளையம், பாலிடெக்னிக் மாணவர்: சி.ஆர்.ஐ. 90 என்று சில விளக்குகளில் போட்டு விலை கூட்டி விற்கிறார்கள். அது அவசியமா ஐயா?

தம்பி, என்னைக் கேட்டால் அதுதான் முதல் அவசியம். ஒரு விளக்கின் கீழ் நிறங்கள் எவ்வளவு உள்ளபடி தெரிகின்றன என்பதை 100-க்கு மதிப்பிட்டுச் சொல்வதே சி.ஆர்.ஐ. மலிவான எல்.இ.டி.கள் குறிப்பாகச் சிவப்பு நிறத்தைச் சாகடித்துவிடுகின்றன. நம் தொழிலில் ஒழுகுவது என்ன என்பதை நிறத்தை வைத்துத்தான் முதலில் கணிக்கிறோம்: ஓடிய என்ஜின் ஆயில் பழுப்பு அல்லது கறுப்பு, ஆட்டோமேட்டிக் கியரிலும் பல பவர் ஸ்டியரிங்கிலும் ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயில் பெரும்பாலும் சிவப்பு, என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் பெரும்பாலும் பச்சை அல்லது இளஞ்சிவப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் பவானியிலிருந்து ஒரு கார் ஆயில் ஒழுக்கு என்று வந்தது. நீலம் தட்டும் வெளிச்சம் அடிக்கும் விளக்கை வைத்து, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழியில் இறங்கிப் பார்த்தேன். என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் விளிம்பில் கரும்பழுப்பாகத் துளி திரண்டு நின்றது; ஒழுகாமல் அடைக்கும் சம்ப் கேஸ்கெட்தான் போய்விட்டது என்று முடிவு கட்டி, போல்ட்டைக் கழற்றவும் தொடங்கிவிட்டேன். கையைத் துடைத்த பனியன் வேஸ்ட்டோடு வெளியே வந்தபோது, வெயிலில் அந்தக் கறை நல்ல சிவப்பாகத் தெரிந்தது. மேலே பவர் ஸ்டியரிங் ஹோஸில் இருந்த விரிசலிலிருந்து ஆயில் இறங்கி, சம்ப் வரை வழிந்திருக்கிறது. விளக்கை நம்பி அரை நாள் வேலையையும் வாடிக்கையாளரின் பணத்தையும் வீணாக்கப் பார்த்தேன் என்பது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

ஒயரிங் வேலையில் சிவப்பையும் பழுப்பையும் மாற்றிப் பிடித்தால் இழப்பு இன்னும் பெரிது. வாங்கும்போது இந்த இரண்டு நிற ஒயர்த் துண்டுகளைச் சட்டைப்பையில் கொண்டு போய், அந்த விளக்கின் கீழ் பிரித்துக் காண முடிகிறதா என்று பாருங்கள். ஒளியின் சாயல் 4,000 முதல் 5,000 கெல்வினுக்குள் இருப்பது நல்லது. 6,500-க்குப் போனால் நீலம் தட்டும்.

கரூர், பஸ் பாடி கட்டும் தொழிலாளி: காந்தம் வைத்த விளக்கு போதுமா, கொக்கியும் வேண்டுமா?

இரண்டும் வேண்டும். இன்றைய கார்களில் என்ஜின் பிளாக்கே பலவற்றில் அலுமினியம், மேல்மூடி பிளாஸ்டிக். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டும் இடமாகச் சூடான இரும்பைத் தேடினாலும் தவறு. சாதாரண நியோடைமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலு இழக்கத் தொடங்கும். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரிக்கும் அந்தச் சூடு ஆகாது. என்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பக்கமே கொண்டு போகாதீர்கள். விளக்கின் கழுத்து எந்தக் கோணத்தில் திருப்பினாலும் அப்படியே நிற்க வேண்டும். பானெட்டின் இரு ஓரங்களிலும் மாட்டிக் குறுக்கே நீளும் பட்டை விளக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. ஒளி நீளமாகப் பரவுவதால் கையின் நிழல் வேலையை மறைக்காது.

பொள்ளாச்சி, தென்னை விவசாயி: தேங்காய் மட்டையும் நாரும் கிடக்கும் கொட்டகையில்தான் வண்டி நிற்கிறது. கம்பிக்கூட்டுக்குள் குண்டு பல்பு போட்ட பழைய ஹேண்ட் லேம்ப் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

கூடாதுங்க. நான் தொழில் பழகிய பட்டறையில் பெட்ரோல் ஃபில்டர் மாற்றும்போது, எரிந்துகொண்டிருந்த பல்பின் மேல் ஒரு சொட்டு விழுந்து கண்ணாடி படீரென்று வெடித்தது. தீப்பிடிக்காமல் போனது எங்கள் நல்ல நேரம். பெட்ரோல் ஆவி பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேயும் தீப்பொறி கிடைத்தால் பற்றக்கூடியது. காற்றைவிடக் கனமானதால் குழியில் போய்த் தங்கும். அந்தப் பல்பின் சூடோ, மேலே பட்டுக் கிடந்தால் உங்கள் கொட்டகை நாரையே பற்றவைக்கக்கூடும். போதாக்குறைக்கு 230 வோல்ட் ஒயர் ஈரத் தரையில் கிடக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சார்ஜ் செய்யும் எல்.இ.டி. விளக்கு வாங்குங்கள். ஆனால் பெட்ரோல் சிந்தியிருந்தால் அதையும் அங்கே போடவோ அணைக்கவோ கூடாது. சுவிட்சிலும் பொறி வரலாம். முதலில் காற்றோட்டம் விடுங்கள்.

நாமக்கல், லாரி ஓட்டுநர்: எல்.இ.டி. வெளிச்சத்தில் ஓடும் என்ஜின் ஃபேன் நின்றுவிட்டது போலத் தெரிந்தது. கண் கோளாறா?

கண் கோளாறு இல்லை, விளக்கின் கோளாறு. வீட்டு ஏ.சி. மின்சாரத்தில் எரியும் மட்டமான எல்.இ.டி. நொடிக்கு 100 முறை மினுக்கும். ஆறு இறக்கை ஃபேன் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடினால், ஒவ்வொரு மினுக்கலுக்கும் ஓர் இறக்கை முந்தைய இறக்கையின் இடத்தில் வந்து நிற்கும். ஃபேன் நின்றுவிட்டது என்று நினைத்து நீங்கள் கையை விட்டுவிடுவீர்கள். விரல் போகும் விஷயம் இது. கடையில் விளக்குக்கு முன் ஒரு பேனாவை வேகமாக ஆட்டிப் பாருங்கள். தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தால் அந்த விளக்கு வேண்டாம்.

தாராபுரம், ஆசிரியை: தலையில் மாட்டும் விளக்கு ஒன்றே போதாதா?

துணைக்கு நல்லதுங்க அம்மணி, அது மட்டும் போதாது. கண்ணின் திசையிலிருந்தே ஒளி போவதால் நிழல் விழாது. நிழல் இல்லாததால் நுண்ணிய விரிசலும் தெரியாது. பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, பக்கவாட்டில் சாய்த்துத்தான் ஒளி காட்ட வேண்டும்.

மேட்டுப்பாளையம், வாடகைக் கார் ஓட்டுநர்: ஊட்டி மலையில் இரவில் வண்டி நின்றால் உதவ ஒரு விளக்கைக் காரிலேயே வைத்திருக்க விரும்புகிறேன். எப்படிப்பட்டது வாங்கலாம்?

பின்பக்கம் ஒட்டி வைக்கச் சிவப்பு மினுக்கு வசதி உள்ளதாக, ஐ.பி.65 என்று குறித்ததாக வாங்குங்கள். அதில் 6 தூசி புகாததையும், 5 பீய்ச்சும் தண்ணீரைத் தாங்குவதையும் குறிக்கும். மலை மழைக்கு அது போதும். எச்சரிக்கை முக்கோணத்துக்கு இது மாற்று ஆகாது, இரண்டையும் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் விளக்கைப் போட்டால் பேட்டரி கெடும்; சீட்டுக்கு அடியில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் போட்டுப் பார்த்து, வெளிச்சம் குறைந்திருந்தால் சார்ஜ் ஏற்றுங்கள்.