பன்றி நிற்கிறது, பெட்டி போகிறது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பன்றிகளைக் கொல்லும் வைரஸ் நோயான ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். எத்தனை பன்றி, என்ன வயது, என்ன தீவனம் என்று எழுதாமல் "என் பன்றிகளுக்கு என்ன நோய்?" என்று மட்டும் கேட்டவர்கள் மறுபடி எழுதட்டும்.

பக்கத்து ஊர்ப் பண்ணையில் தினமும் இரண்டு மூன்று சாகின்றன. நோய் உறுதியாகும் முன்பே என் 40 பன்றிகளையும் வெளிமாவட்ட வியாபாரியிடம் தள்ளிவிடலாமா?

கூடாது. கிருமி உள்ளே புகுந்து காய்ச்சல் வெளியே தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். இன்று தொட்டியை நக்கிக் காலி செய்யும் பன்றி, போகிற ஊரில் நாளை மறுநாள் படுத்துவிடும். அந்த ஊர்க்காரர் உங்களுக்கு என்ன தீங்கு செய்தார்? வியாபாரி அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார், அதுவும் தெரிந்ததே. 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி இந்த நோய் என்று சந்தேகம் வந்தாலே தகவல் சொல்வது உரிமையாளரின் கடமை. கால்நடை உதவி மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். அரசு அழிக்கும் பன்றிக்கு இழப்பீடு உண்டு: சிறு குட்டிக்குச் சுமார் 2,000 ரூபாயில் தொடங்கி, 100 கிலோ தாண்டியதற்கு 15,000 வரை. நோயில் தானாகச் செத்த பன்றிக்கு அதை எதிர்பார்க்காதீர்கள். தாமதம் உங்கள் பையிலிருந்துதான் போகும். நகர்த்தாதீர்கள்.

நோய் கண்டால் போடும் தடை எத்தனை கிலோமீட்டருக்கு?

நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் பாதிப்புப் பகுதி, அதற்குள் இருக்கும் பன்றிகள் அழிக்கப்படும். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி. உயிர்ப்பன்றி மட்டுமல்ல, இறைச்சி, தீவனம், சாணம் எல்லாமே தடைக்குள் வரும். ஆட்சியரின் ஆணையை முழுதாகப் படியுங்கள்.

பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி தவறாமல் போட்டிருக்கிறேன். பிறகு ஏன் என் வண்டியைச் சோதனைச்சாவடியில் நிறுத்தினார்கள்?

நீங்கள் போட்டது பழைய பன்றிக் காய்ச்சலுக்கானது. இது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், வேறு வைரஸ். பெயர் ஒன்றுபோல இருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவு இல்லை. இதை இந்தப் பக்கத்தில் மூன்றாவது முறையாக எழுதுகிறேன். வியட்நாமில் இதற்கென ஒரு தடுப்பூசிக்கு 2022இல் அனுமதி கொடுத்தார்கள், சில வாரங்களில் பன்றிகள் சாகவே பயன்பாட்டை நிறுத்திவைத்துப் பிறகுதான் தொடர்ந்தார்கள். உங்களை நிறுத்திய ஊழியர் தன் வேலையைச் செய்தார்.

கடையில் வாங்கும் பாக்கெட்டில் பழுப்பு முக்கோணம், உரிம எண் எல்லாம் இருக்கின்றன. நோயில்லாத பகுதி இறைச்சி என்று நம்பலாமா? மனிதரைத் தொடாத நோய்க்கு லேபிள் எதற்கு?

முதல் கேள்விக்கு: நம்ப முடியாது. பழுப்பு முக்கோணம் "இது அசைவம்" என்கிறது. 14 இலக்க எண், விற்பவர் உரிமம் வைத்திருக்கிறார் என்கிறது. அந்தப் பன்றி எந்த மாவட்டத்தில் வளர்ந்தது என்று இரண்டும் சொல்லாது.

இரண்டாவது கேள்விதான் என்னைப் பல ஆண்டுகளாக வாட்டுவது. இந்த நோய் மனிதருக்கு வராது, உண்மை. அதனால்தான் எல்லாரும் கைகழுவிவிடுகிறார்கள். ஆனால் இறைச்சியில் ஊர்ப்பெயர் வேண்டும் என்று நான் கேட்பது உண்பவருக்காக அல்ல, அவர் தட்டில் மிச்சம் வைப்பதைத் தின்னப்போகும் பன்றிக்காக. உறைய வைத்த இறைச்சியில் இந்த வைரஸ் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். உப்பிட்டு உலர்த்தியதிலும் மாதக்கணக்கில் இருக்கும். 1957இல் லிஸ்பனில் நோய் இறங்கியது விமான நிலையக் கழிவுணவு வழியாக. 2007இல் ஜார்ஜியாவுக்குக் கப்பல் கழிவு வழியாக வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு.

ஒரு பண்ணையில் ஓட்டல் கழிவு வந்திருந்த நீல டிரம்மை நானே குச்சியால் கிளறிப் பார்த்திருக்கிறேன். சோறு, வாழை இலை, முட்டை ஓடு, அவற்றுக்கடியில் பன்றி விலா எலும்புகள். எலும்போடு ஒட்டிக்கொண்டு ஒரு பாலித்தீன் உறை. கழுவிப் படித்தேன். தேதி, எடை, விலை, பெருநகர முகவரி, முக்கோணம் எல்லாம் தெளிவாக இருந்தன. பன்றி எங்கிருந்து வந்தது என்று ஓர் எழுத்து இல்லை. பண்ணைக்காரருக்கோ அந்த எலும்பு எந்த மாநிலத்தது என்றே தெரியாது. சோதனைச்சாவடியில் பன்றி ஏற்றிய வண்டியை நிறுத்துகிறார்கள், சரி. அதே சாலையில் பஸ்ஸின் சாமான் அறையில் இறைச்சி வைத்த தெர்மகோல் பெட்டி போய்விடுகிறது.

2022 ஜூலையில் கேரளம் வெளிமாநிலப் பன்றிகளோடு இறைச்சியையும் சேர்த்தே தடை செய்தது. சரியான முடிவு. அடுத்த சில நாட்களில் வயநாட்டின் மானந்தவாடியில் நோய் உறுதியானது. தடை போட்டால் போதுமா? பெட்டியைத் திறந்து பார்க்கும் ஊழியருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டாமா? ஐரோப்பிய ஒன்றியத்தில் தடைப் பகுதிகளை மூன்று நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். கடுமையான நிலைகளிலிருந்து உள்நாட்டுச் சந்தைக்கு மட்டும் என்று விடப்படும் இறைச்சிக்கு, வழக்கமான முட்டை வடிவ முத்திரையோடு குழம்பாத தனி முத்திரை குத்துகிறார்கள். பார்த்த மாத்திரத்தில் தெரியும். நமக்கு அவ்வளவுகூட வேண்டாம். வளர்ந்த மாவட்டம், வெட்டிய இடம், வெட்டிய நாள், இந்த மூன்று வரி போதும். தொங்கவிட்டு விற்கும் கடைக்காரர் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதலாம். செலவு பத்து ரூபாய்.

ஓட்டல் கழிவைக் கொதிக்க வைத்துப் போடலாமா?

90 டிகிரியில் ஒரு மணி நேரம், விடாமல் கிளறியபடி. அப்படிச் செய்ய விறகும் ஆளும் இருந்தால் செய்யுங்கள். "ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுவேன்" என்று எழுதியிருப்பவர் அந்தக் கழிவை வாங்குவதையே நிறுத்தட்டும். நோய் உள்ள பகுதியில் வேகவைத்ததும் வேண்டாம்.

எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றி செத்துக் கிடக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பண்ணைகள் உண்டு.

தொடாதீர்கள், இழுக்காதீர்கள், நாயை அண்டவிடாதீர்கள். வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் சொல்லுங்கள். 2023 ஜனவரியில் முதுமலையில் செத்த காட்டுப்பன்றிகளிடம்தான் நீலகிரியில் இந்த நோய் தெரிந்தது. அந்தத் தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போன செருப்போடு பன்றிக் கொட்டகைக்குள் நுழையாதீர்கள்.

செத்த பன்றிகளை ஆற்றில் விட்டால் போய்விடுமே?

எங்கே போகும்? 2020இல் அசாமின் ஆறுகளில் பன்றிச் சடலங்கள் மிதந்து வந்ததைப் பார்த்தும் இப்படிக் கேட்கிறீர்களா? பண்ணைக்குள்ளேயே மருத்துவர் முன்னிலையில் ஆழக் குழி, சுண்ணாம்பு, மேலே கனமாக மண்.

உறவினர் தைவானிலிருக்கிறார். ஊரிலிருந்து பன்றி ஊறுகாய் எடுத்துப் போகலாமா?

வேண்டாம். அங்கே பிடிபட்டால் முதல் முறையே 2 லட்சம் தைவான் டாலர் அபராதம்.

வண்டியைப் பிளீச்சிங் பவுடர் தூவிச் சுத்தம் செய்தேன். போதுமா?

சாணத்தின் மேல் தூவினால் வீண். முதலில் சாணத்தையும் வைக்கோலையும் சுரண்டி எடுங்கள், சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள், காயவிடுங்கள். அதன் பிறகே கிருமிநாசினி, அதுவும் அரை மணி நேரம் ஊறும்படி. சக்கரத்தின் உட்பக்கம், ஓட்டுநரின் காலடி விரிப்பு, பன்றி ஏற இறங்கப் போடும் பலகை, இந்த மூன்றையும் யாரும் கழுவுவதில்லை. பலகையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்கள்.