டெட்பீஃப் என்று மெமரியில் எழுதுவது பொறுப்பில்லாத விளையாட்டா?

எம்பெடெட் கோடில், அதாவது கருவிகளுக்குள்ளேயே ஓடும் புரோகிராமில், டெட்பீஃப் (DEADBEEF), கேஃப்பேப் (CAFEBABE) மாதிரி எண்களை வைப்பது விளையாட்டுத்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரிவ்யூவில் யாரோ "இதைத் தூக்கு" என்று சொல்லியிருப்பார்கள். தூக்காதீர்கள்.

ஹெக்ஸில், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண் முறையில், ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்து இருப்பதால் கிடைக்கும் சொற்கள் இவை. ஜாவா கிளாஸ் ஃபைல் எல்லாமே கேஃப்பேப் என்றுதான் தொடங்கும். லினக்ஸில் மெஷினை ரீபூட் செய்யச் சொல்லும் கட்டளை ஏற்கும் எண்களில் ஒன்று 672274793. ஹெக்ஸில் எழுதினால் 28121969, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிறந்த தேதி. ஏதோ ஒரு புரோகிராம் தப்பாகக் கூப்பிட்டு மெஷின் ரீபூட் ஆகிவிடாமல் காக்கிற பூட்டு அது.

என் கதைக்கு வருகிறேன். 2015, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி. ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். பால் டேங்கரில் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி எங்களுடையது. அதில் ஓடும் ஒவ்வொரு டாஸ்க்குக்கும், அதாவது தனித்தனி வேலைக்கும், தற்காலிக மெமரியான ஸ்டாக் 2 கேபி. பூட் ஆகும்போதே அதில் 512 முறை டெட்பீஃப் நிரப்பி வைத்திருந்தேன். ஸ்டாக் எதுவரை போனதோ அதுவரை அழிந்திருக்கும், மிச்சம் அப்படியே நிற்கும். எங்கள் சிப்பில் எண்ணின் கடைசி பைட் முதலில் வருவதால் டம்பில், அதாவது மெமரியை அப்படியே நகலெடுத்துப் பார்க்கும்போது, அது தலைகீழாகத்தான் தெரியும். ஆனாலும் பழகிய கண்ணுக்குத் தப்பாது.

வாடிக்கையாளர் பார்த்தால் அசிங்கம் என்று மேலே இருந்தவர் அதைப் பூஜ்ஜியமாக மாற்றச் சொன்னார். மாற்றினேன். சில வாரத்தில் வண்டிகளில் கருவி உறைய ஆரம்பித்தது. டம்பில் எங்கும் பூஜ்ஜியம். எது தொடாத இடம், எது புரோகிராமே எழுதிய பூஜ்ஜியம் என்று பிரிக்க முடியவில்லை. மூன்று வாரம் தூக்கமில்லை. பழைய எண்ணைத் திரும்பப் போட்ட பிறகு வந்த முதல் டம்பிலேயே தெரிந்துவிட்டது: ஒரு டாஸ்க்கில் டெட்பீஃப் ஒன்றுகூட மிச்சமில்லை. சிக்னல் கிடைக்காமல் போகும்போது மட்டும் ஓடும் ஒரு ஃபங்ஷனுக்குள் 1 கேபி லோக்கல் அரே. ஸ்டாக்கில் பாதியை அதுவே தின்றுவிட, இடம் போதவில்லை.

பாதுகாப்பான சி கோடுக்கான மிஸ்ரா விதியைக் காட்டி யாராவது வருவீர்கள். எண்ணுக்குப் பின்னால் யூ போடச் சொல்கிறதே தவிர, டெட்பீஃப் கூடாது என்று அதில் இல்லை. எல்லா எண்ணையும் நான் நியாயப்படுத்தவும் இல்லை. 2012இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், மைக்ரோசாஃப்ட் எழுதிச் சேர்த்த கோடில் பெண்ணுடலைக் கேலி செய்யும் எண் ஒன்று சிக்கியது. அவர்கள் மன்னிப்புக் கேட்டு மாற்றினார்கள். அது வக்கிரம், டெட்பீஃப் கருவி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த டம்பை எடுத்து வந்தவர் ஒரு கான்ட்ராக்ட் டெக்னீஷியன். கிருஷ்ணகிரி பக்கம் இரவு இரண்டு மணிக்கு, டேங்கர் கேபினில் உட்கார்ந்து, "தம்பி, கேபிளைப் பிடுங்காம வெச்சிருக்கேன், என்ன பண்ணணும் சொல்லுங்க" என்று போனில் கேட்டுக் கேட்டு எடுத்தார். ரிலீஸ் மெயிலில் நன்றி சொல்லி 11 பேர் பெயர் வந்தது, அவர் பெயர் இல்லை. மூன்று முறை எழுதிக் கேட்டேன். கடைசிவரை சேர்க்கவே இல்லை.