ஊரெல்லாம் அரங்கு, இரவெல்லாம் இசை: வாசகர் கேள்வி–பதில்

சினிமா சாராத சுயாதீன இசைக்குழுக்களின் விழாக்கள் சில, ஒரே மைதானத்தில் நடக்காமல், ஒரு நகரத்தின் பல சிறு அரங்குகளில் தொடர்ந்து சில இரவுகள் நடக்கின்றன. அவற்றுக்குச் செல்வது குறித்து நம் பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். செப்டம்பரில் பையர்களை (சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தாரை) சந்திக்க ஜெர்மனியின் ஹாம்பர்க் செல்லும் நாட்களில் அங்கே ரீப்பர்பான் இசை விழா நடக்கிறது. ஒரே சீட்டில் நான்கு இரவும் எல்லா அரங்குகளுக்கும் போகலாம் என்கிறார்கள். நம்பி எடுக்கலாமா?
— வாசகர், திருப்பூர்

எடுக்கலாம். ஆனால் அந்தச் சீட்டு உங்களை வாசல் வரைதான் கொண்டுபோய் விடும். 2006 முதல் ஆண்டுதோறும் செப்டம்பரில் நடக்கும் இந்த விழாவில் கிளப்புகள், மதுக்கூடங்கள், திரையரங்குகள், தேவாலயம் என்று சான்க்ட் பவுலி பகுதியில் கிடைக்கிற இடமெல்லாம் அரங்காகிவிடும். இவற்றில் பல இடங்களில் சில நூறு பேர்தான் நிற்க முடியும். அரங்கு நிறைந்துவிட்டால், உள்ளே இருந்து ஒருவர் வெளியே வந்தால்தான் வரிசையில் நிற்கும் அடுத்தவரை விடுவார்கள். கையில் சீட்டு இருந்தாலும் அப்போது காத்திருக்க வேண்டியதுதான்.

முதல் நாள் சீட்டைக் காட்டியதும் மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி, சிறிய பூட்டு ஒன்றை இறுக்கி நசுக்கிவிடுவார்கள். கத்தரித்தால் ஒழிய அது கழலாது, கத்தரித்தால் செல்லாது. ஆகவே குளிக்கும்போதும் தூங்கும்போதும் அது கையிலேயே இருக்கும். ஒரு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் தளர்வு இருக்கட்டும். பகலில் பையரின் எதிரே உட்காரும்போது அது கண்ணில் படக்கூடாது என்று நினைத்தால் முழுக்கைச் சட்டை போதும். ஹாம்பர்க்கின் செப்டம்பர் குளிருக்கும் மழைக்கும் அது எப்படியும் தேவைப்படும்.

இனி, என் தீர்மானமான கருத்தைச் சொல்கிறேன்: குழுவின் பெயரை வைத்துத் திட்டமிடாமல் தெருவை வைத்துத் திட்டமிடுங்கள். இத்தகைய விழாக்களில் ஒரு குழு பெரும்பாலும் 30 முதல் 45 நிமிடம் வரைதான் வாசிக்கும். ஒரு பெரிய பெயரைத் தேடி இருபது நிமிடம் நடந்து, அரைமணி நேரம் வரிசையில் நின்று, கடைசிப் பாட்டுக்கு உள்ளே நுழைகிறவர், அந்த நேரத்தில் பக்கத்து அரங்கில் இரண்டு புதிய குழுக்களை முழுதாகக் கேட்டிருக்கலாம். குரோசே ஃப்ரைஹைட் என்ற ஒரே தெருவில் இந்திரா, கைசர்கெல்லர், குரூன்ஷ்பான் ஆகிய மூன்று அரங்குகளும் எட்டி நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. பீட்டில்ஸ் குழுவினர் 1960 ஆகஸ்டில் ஹாம்பர்க்கில் முதன்முதலாக வாசித்தது அந்த இந்திராவில்தான். அப்போது அவர்களை யாருக்கும் தெரியாது. ஓர் இரவு முழுவதையும் அந்தத் தெருவிலேயே கழித்தாலும் நஷ்டம் இல்லை. கட்டாயம் பார்த்தே ஆகவேண்டிய குழு என்று ஓர் இரவுக்கு ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய குழு வாசிக்கும்போதே உள்ளே போய் நின்றுவிடுங்கள்.

விழாவுக்குப் பெயர் தந்த ரீப்பர்பான், சான்க்ட் பவுலியில் உள்ள ஒரு தெரு; அது அந்நகரத்தின் பாலியல் தொழில் நடக்கும் பகுதி என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. விழாக் கூட்டத்தில் நடப்பதற்கு அச்சம் வேண்டியதில்லை. அங்கே நிற்கும் பெண்களைப் படம் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். வெள்ளி, சனி இரவுகளில் ரயில்கள் விடிய விடிய ஓடும். புதன், வியாழன் இரவுகளில் அப்படி இல்லை என்பதால், அந்த இரண்டு நாட்களிலும் கடைசி ரயிலைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று உங்கள் தொழில் சார்ந்தது. வாசித்து முடித்ததும் குழுவினரே ஒரு மேசை போட்டு டி-ஷர்ட்டும் இசைத்தட்டும் விற்பார்கள். ஸ்ட்ரீமிங்கில் வரும் சில்லறையைவிட ஒரு சட்டை விற்றுக் கிடைப்பது அவர்களுக்குப் பெரிது. இரண்டு விரலால் துணியைத் தடவியதும் இது எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்று உங்களால் சொல்ல முடியும். கழுத்து லேபிளைத் திருப்பிப் பாருங்கள், நம் ஊர்ச் சரக்காக இருந்தாலும் வியப்பில்லை. பிடித்த குழுவிடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே மைதானத்தில் நடக்கும் விழாவுக்கும் இதற்கும் அப்படி என்ன வேறுபாடு?
— வாசகர், கோவை

2012 முதல் அருணாசலப் பிரதேசத்தில் நடக்கும் ஸீரோ விழாவைப் போன்ற ஒன்றில், வயல்வெளியில் நீங்கள் உட்கார்ந்திருக்க, இசை உங்களைத் தேடி வரும். 1987இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் தொடங்கிய சவுத் பை சவுத்வெஸ்ட், 2006இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் தொடங்கிய கிரேட் எஸ்கேப் போன்றவற்றில் இசையைத் தேடி நீங்கள்தான் நடக்க வேண்டும். அங்கெல்லாம் வருகிற குழுக்களில் பெரும்பாலானவற்றின் பெயரை நாம் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம், அதற்காகத்தான் போகிறோம். நமக்குப் பழக்கமான உதாரணம் வேண்டுமென்றால், சென்னையின் மார்கழி சீசனைவிடப் பொருத்தமானது இல்லை. 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து மறு ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது. பின்னர் சபாக்கள் பெருகின. காலையில் ஒரு சபா, மதியம் இளைஞர்களின் இலவசக் கச்சேரி, மாலையில் வேறொரு சபா, நடுவில் கேன்டீனில் ஒரு காபி என்று அலையும் ரசிகருக்கு ஆஸ்டினும் பிரைட்டனும் புதிதாகத் தோன்றாது.

எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம் இருக்கிறது. போன வருடம் ஒரு கிளப்பில் ஓர் இரவு நிகழ்ச்சி கேட்டதற்கே மறுநாள் மாலை வரை காதில் ‘ஙொய்’ என்ற ஒலி இருந்தது. இந்த முறை நண்பர்களோடு மூன்று இரவு விழாவுக்குப் போகிறேன். தறிச் சத்தத்திலேயே வளர்ந்த காதுக்கு இது ஒன்றும் செய்யாது என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், சோமனூர்

உண்மை இல்லை, சத்தத்துக்குக் காது பழகுவதே கிடையாது. பழகிவிட்டது என்று தோன்றுவது, சில ஒலிகள் இனி கேட்கவில்லை என்பதன் அறிகுறியாகக்கூட இருக்கலாம். தொழிலிடப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு இது: 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அதன்படி 88 டெசிபலில் நான்கு மணி நேரம், 100 டெசிபலில் வெறும் பதினைந்து நிமிடம். இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறை வெளியிட்டது. அந்த வரம்புக்கு உட்பட்ட அரங்கில்கூட, மூன்று இரவு வெறும் காதோடு நிற்பது உங்களைப் போன்றவருக்கு ஆகாது. பகலெல்லாம் தறி ஓடும் வீட்டில் காதுக்கு ஓய்வு கிடைக்காது அல்லவா?

மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற ஃபோம் காதடைப்பான் போதும். ஆனால் பலரும் அதைக் காது வாசலில் செருகிக்கொண்டு, பயனில்லை என்று கழற்றிவிடுகிறார்கள். அதைச் சுத்தமான விரல்களுக்கு நடுவே ஊதுவத்திபோல மெல்லியதாக உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடியுங்கள். துவாரம் நேராகும் அந்த நிலையில் உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் தாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் சரியாகப் பொருந்திவிட்டது. ஃபோம் வகை மேல்சுருதிகளை அதிகம் அடக்கிப் பாட்டை மங்கலாக்கும். இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்துச் செய்யப்படும் அடைப்பான்கள் எல்லாச் சுருதிகளையும் ஏறத்தாழச் சமமாகக் குறைக்கும். விலை கூடுதல்தான் என்றாலும், மூன்று இரவு கேட்கப் போகிறவர் வாங்கலாம். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நிற்காமல் ஒலிக்கட்டுப்பாட்டு மேசையின் அருகே நில்லுங்கள். பாட்டு அங்கேதான் ஒழுங்காகக் கேட்கும். ஒரு குழு விட்டு ஒரு குழுவுக்கு வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள். அந்த ஒலி ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒரு காது திடீரென்று மந்தமானாலோ தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

பெங்களூரில் படிக்கும் மகள், தோழிகளோடு மூன்று இரவும் இப்படி அரங்கு அரங்காகப் போக அனுமதி கேட்கிறாள். அனுப்பலாமா?
— வாசகி, கோபிச்செட்டிபாளையம்

அனுப்பலாம் அம்மா. வேண்டாம் என்று சொன்னால் அவள் போகாமல் இருப்பாள் என்பதும் நிச்சயமில்லை. சொல்லிவிட்டுப் போவதே உங்கள் இருவருக்கும் நல்லது. எந்தெந்த அரங்கு என்ற பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். மது பரிமாறும் இடங்களில் வாசலிலேயே வயதுச் சான்று கேட்பார்கள் என்பதால், உரிய வயது ஆகாதவர்கள் முன்பே விதியைப் பார்க்க வேண்டும். மெட்ரோ இரவு பதினொன்றை ஒட்டி நின்றுவிடும். அதற்குப் பிறகு எதில், யாரோடு திரும்புவது என்பது மாலையிலேயே முடிவாகியிருக்கட்டும். கூட்டத்தில் அலைபேசி சில நேரம் வேலை செய்யாது. ஒவ்வோர் அரங்கின் வெளியிலும் பிரிந்தவர்கள் கூட ஓர் இடத்தைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். யாராவது ஒருத்தியைத் தனியே விட்டுவிட்டு மற்றவர்கள் அடுத்த அரங்குக்குப் போகக் கூடாது என்பதில் மட்டும் உங்கள் அம்மிணியிடம் உறுதி வாங்குங்கள்.

எனக்கு அறுபத்து நான்கு வயது. இத்தகைய இடங்களில் என்னைப் போன்றவர்கள் கேலிப்பொருளாகி விடமாட்டோமா?
— வாசகர், காங்கேயம்

அண்ணன்மார் (பொன்னர்–சங்கர்) கதையை உடுக்கடித்துப் பாடப் பாட இரவு இரவாக உட்கார்ந்து கேட்ட ஊர்க்காரர் நீங்கள், கேலிக்கு அஞ்ச வேண்டியதில்லை. உட்கார இருக்கை உள்ள அரங்குகளை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். பட்டியலில் தேவாலயமோ நாடக அரங்கோ இருந்தால் அங்கே தொடங்குங்கள்.

கோவையில் இப்படியொரு விழா நடத்த முடியுமா?
— வாசகி, பொள்ளாச்சி

கூட்டம் வரும், தகுந்த இடம்தான் இல்லை. நம்மிடம் இருப்பவை ஆயிரம் பேர் அமரும் கல்லூரி அரங்குகளும் கல்யாண மண்டபங்களும் கொடிசியா கண்காட்சி வளாகமும்தான். நூற்றைம்பது பேர் நின்று கேட்கும்படியான, ஒலி வெளியே கசியாத அறைகள் மிகக் குறைவு. ஆர்.எஸ்.புரத்தில் ஒன்றும் பீளமேட்டில் ஒன்றும் என்று அரங்குகள் சிதறிக் கிடந்தால், ரசிகர்கள் இரவில் பாதியை அவிநாசி சாலையில் கழிப்பார்கள். ஒரே வட்டாரத்துக்குள் காபிக் கடை, பள்ளி அரங்கு, பழைய கிடங்கு என்று ஐந்தாறு இடங்களைப் பிடிக்க முடிந்தால் மட்டும் இது நடக்கும். ஆண்டுதோறும் நடக்கும் கோயம்புத்தூர் விழா நகரத்தின் பல இடங்களில் நிகழ்ச்சிகளை நடத்திக் காட்டியிருப்பதால், அனுமதி வாங்கும் வழிமுறை ஊருக்குப் புதிதல்ல.

சட்டமும் பாதகமாக இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. மூடிய அரங்கங்களுக்கு விலக்கு இருக்கிறது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தவும் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்துத் தை மாதத்தில் வைத்தால் இரவில் நடப்பதற்கும் இதமாக இருக்கும். யாராவது முன்வந்தால் ஒரு வேண்டுகோள்: கிட்டாரும் டிரம்ஸும் வாசிக்கும் குழுக்களோடு நம் கொங்கு நாட்டு மேளக் குழுவான ஜமாப் ஒன்றையும், காலில் பெரிய சலங்கை கட்டி ஆடும் பெருஞ்சலங்கை ஆட்டக்காரர்களையும் அதே பட்டியலில், அதே சம்பளத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், தொடக்க விழாவில் ஊர்வலம் விடுவதற்கு மட்டும் அவர்களைக் கூப்பிடாதீர்கள்.