கண் துறைக்குப் போக எம்.பி.பி.எஸ். மட்டும்தான் வழியா?

அம்மா, மகளுக்கு நீட் மதிப்பெண் வராத வருத்தம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அவள் விடாமல் சொல்கிற 'பயோமெட்டீரியல்ஸ்' படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும், ஆனால் நாள் பிடிக்கும்.

உடம்புக்குள் வைத்தாலும் உடம்பு ஏற்றுக்கொள்கிற பொருள்களைப் பற்றிய படிப்பு அது. கண்புரை ஆபரேஷனில் வைக்கிற லென்ஸ் அப்படிப்பட்டதுதான். போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் சில்லுகள் உள்ளேயே கிடந்தும் கண் புண்ணாகவில்லை என்பதைக் கவனித்த ஆங்கிலேயக் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி, 1949-இல் லண்டனில் முதல் லென்ஸை வைத்தார். மதுரை ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் இங்கேயே லென்ஸ் தயாரிக்கிறது.

இப்போது சவால் கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிவான படலம் (கார்னியா). குழந்தை கண்ணில் சுண்ணாம்பு பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவிழியின் ஓரத்தில் இருந்து அதன் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் வெந்துபோனால், தானமாக வந்த கருவிழியை வைத்தாலும் நிலைக்காது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2012-இல் ஒரு வழி சொன்னார்கள்: நல்ல கண்ணிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் திசு எடுத்து, பொடித்துண்டுகளாக்கி, பாதித்த கண்ணின் மேல் விரித்த பனிக்குடச் சவ்வில் (கருப்பையில் குழந்தையைச் சுற்றியிருக்கும் மெல்லிய படலம்) பசை போட்டு ஒட்டுவது. அந்தச் சவ்வும் பசையும்தான் உங்கள் மகள் சொல்லும் பயோமெட்டீரியல்! பன்றித்தோலிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்தில் செய்த கருவிழியை இந்தியாவிலும் ஈரானிலும் 20 பேருக்கு வைத்துப் பார்த்த முடிவு 2022-இல் வந்தது. இதையெல்லாம் டாக்டர் தனியாகச் செய்ய முடியாது. வேதியியலும் செல் உயிரியலும் தெரிந்தவர் கூடவே வேண்டும்.

சரி, என்ன படிப்பது? இளநிலையிலேயே ஒரே சிறு துறைக்குள் அடங்கிவிடும் படிப்பில் சேர்க்காதீர்கள், இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். பிளஸ் டூவில் கணக்கு இருந்தால் பயோமெடிக்கல் அல்லது பயோடெக்னாலஜி பி.டெக்.; இல்லாவிட்டால் பி.எஸ்சி. வேதியியல் அல்லது உயிர்வேதியியல். அப்புறம் முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான 'கேட்' (GATE) நுழைவுத் தேர்வு. 2020 முதல் பயோமெடிக்கலுக்குத் தனித்தாளே இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிலையம் இத்துறையில் பேர்போன இடம், நேரில் போய்ப் பாருங்கள்.

பணக் கவலை நியாயமானது. ஆராய்ச்சிக்கு ஜே.ஆர்.எஃப். என்ற அரசு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், கூடவே வீட்டு வாடகைப்படி. அதுவரை ஐந்தாறு வருடம் நீங்கள்தான் தாங்க வேண்டும். அவ்வளவு நாள் முடியாது என்றால் தயங்காமல் ஆப்டோமெட்ரியில் (பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதித்தரும் படிப்பு) சேருங்கள். அதுவும் கண் வேலைதான், சம்பளமும் சீக்கிரம் வரும்.