வீட்டுத் தவணை வரவில்லையா? எஃப்.டி.ஓ. எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் என் பெயருக்கு வேலை உத்தரவு வந்து, லிண்டல் (கதவு, ஜன்னல் மேல்மட்டம்) வரை கட்டிவிட்டோம். அடித்தளத்துக்குப் பணம் வந்தது, லிண்டலுக்கு வரவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் பேங்கைக் கேட்கச் சொல்கிறார்கள், பேங்கில் ஒன்றிய அலுவலகத்தின் பி.டி.ஓ.வை (வட்டார வளர்ச்சி அலுவலர்) கேட்கச் சொல்கிறார்கள். பத்தாயிரம் கொடுத்தால் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவரால் உங்கள் பணத்தை விடுவிக்க முடியாது. கட்டட வேலையை மேற்பார்க்கும் ஒன்றிய ஓவர்சியர் வந்து, கட்டியிருப்பதைச் செல்போனில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். அதன் பிறகு ஒன்றிய அலுவலகத்தில் எஃப்.டி.ஓ. எனப்படும் பணப் பரிமாற்ற ஆணையை உருவாக்கி, இரண்டு அதிகாரிகள் டிஜிட்டல் கையெழுத்திட வேண்டும். அப்போதுதான் பணம் உங்கள் கணக்குக்குக் கிளம்பும். இதில் புரோக்கருக்கு எந்த வேலையும் இல்லை.

ஆகவே "பணம் எப்போது வரும்?" என்று கேட்காதீர்கள். "லிண்டலுக்கு எஃப்.டி.ஓ. போட்டாச்சா, எண் என்ன?" என்று கேளுங்கள். எண் இல்லையென்றால் தாமதம் ஒன்றிய அலுவலகத்தில்தான். படம் ஏறியிருக்கிறதா என்று ஓவர்சியரைக் கேளுங்கள். எண் இருந்தால் அதை எழுதிக்கொண்டு பேங்குக்குப் போங்கள். கணக்கு முடங்கியதால் ஆணை திரும்பியிருக்கலாம், அல்லது ஆதார் இணைப்பு வேறு கணக்குக்கு மாறியதால் பணம் அங்கே போயிருக்கலாம். ஆணை திரும்பியிருந்தால், கணக்கைச் சரிசெய்த பிறகு ஒன்றியத்தில் மறுபடி ஆணை போட வேண்டும், தானாக நடக்காது.

இதையெல்லாம் அலுவலகங்களே தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கான 1,20,000 ரூபாயில் மத்திய அரசு தருவது 60 விழுக்காடு, மாநிலம் தருவது 40. கான்கிரீட் கூரைத் தளத்துக்கு மாநிலம் தனியே 1,20,000 தருகிறது. 90 நாள் கூலி நூறு நாள் வேலைக் கணக்கில், கழிப்பறைக்கு 12,000 தூய்மை பாரத இயக்கத்தில். ஒரு வீட்டுக்கு இத்தனை கணக்குகள் வைத்தவர்கள், அவற்றைச் சேர்த்துப் பார்த்துப் பதில் சொல்ல ஒரு மேசை வைக்கவில்லை. அந்த அலைச்சலைக் கூலி வேலையை விட்டுவிட்டு நீங்கள் செய்ய வேண்டியிருக்கிறது. புரோக்கர் பிழைப்பதும் இந்த இடைவெளியில்தான்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். வேலை உத்தரவுக்கு முன் இடத்தைப் படம் எடுத்தார்களே, அதே இடத்தில்தான் கட்டுகிறீர்களா? வாஸ்து பார்த்தோ, பங்காளித் தகராறிலோ வேறு மனைக்கு மாறியிருந்தால், இப்போதைய படத்தோடு பதிவாகும் இருப்பிடம் முதல் படத்தோடு ஒத்துவராது. நாலடி தள்ளிக் கட்டியதைச் சொல்லவில்லை. வேறு மனை, வேறு தெரு என்றால்தான் சிக்கல். மனை உங்களுடையதாகவே இருந்தாலும் இதே கதைதான். அப்படி மாறியிருந்தால் மறைக்காமல் பட்டா நகலுடன் பி.டி.ஓ.வுக்கு இன்றே எழுத்தில் கொடுங்கள். "படத்தை நான் பார்த்துக்கறேன்" என்பவரை நம்பினால் தளத்துக்கான பணமும் நின்றுவிடும்.

பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் மேஸ்திரியிடம் கொடுத்து வைக்காதீர்கள். இத்திட்டத்தில் ஒப்பந்ததாரருக்கே இடமில்லை. யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள், வெற்றுச் சீட்டில் கைநாட்டு வைக்காதீர்கள். ஒன்றியக் கிடங்கில் சிமெண்ட், கம்பி எடுத்திருந்தால் அதன் விலை பில்லில் கழியும். பணம் குறைவாக வந்தால் அந்தக் கணக்கையும் கேளுங்கள்.

இரண்டு வாரத்தில் அசையவில்லை என்றால், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். தாலுகா ஆபீஸ், ஒன்றிய ஆபீஸ் இரண்டையும் கேள்வி கேட்கக்கூடியவர் அவர். மனுவில் வீட்டுத் திட்டப் பதிவு எண், எஃப்.டி.ஓ. எண், கடைசியாகப் பணம் வந்த தேதி இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.